உண்மை சரிபார்ப்போரை நம்பலாமா?

(நமது சங்கத்தின் கிளைகள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு கொஞ்சம் சங்கடமானது. நமது சங்கத்தில் கட்சி அரசியல் பேசுவதில்லை என்பது பழைய வழக்கம். அந்த வழக்கத்தை நான் மீறப் போவதில்லை. ஆனால், இந்த விஷயம் இன்று கட்சி மேடையில் மட்டும் இல்லை. நம் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டது. பெரியவர் ஒருவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தியைப் போடுகிறார். புனாவிலோ நொய்டாவிலோ இருக்கும் பிள்ளை, "அப்பா, இது பொய்ன்னு சரிபார்த்து எழுதியிருக்கா, பாருங்கோ" என்று பதில் போடுகிறான். "அது அவா நடத்தறதுடா. அவா அப்படித்தான் எழுதுவா" என்கிறார் அப்பா. அத்துடன் பேச்சு நின்றுவிடுகிறது. சில வீடுகளில் ஒரு மாதத்துக்குப் போன் பேச்சே நின்றுவிடுகிறது.

அப்பா சொல்வதில் நியாயம் உண்டா, பிள்ளை சொல்வதில் நியாயம் உண்டா என்று பார்ப்பதே என் நோக்கம்.

முதலில், இது ஏன் நமக்கு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். 2018ஆம் ஆண்டு மே மாதம் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கம் தங்கள் குலதெய்வத்தின் கோயிலைத் தேடிக்கொண்டு போயிற்று. வழியில் குழந்தைகளுக்கு அந்த வீட்டுப் பெரியவள் சாக்லேட் கொடுத்தாள். பிள்ளை பிடிக்கும் கும்பல் ஊர் ஊராக வருகிறது என்ற வதந்தி அப்போது வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. ஊரார் சூழ்ந்துகொண்டு அடித்ததில் அந்த அம்மாள் இறந்து போனாள். குலதெய்வத்தைத் தேடிக்கொண்டு வழி கேட்டுப் போவது நம்மில் எத்தனை குடும்பங்களில் நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

2012 ஆகஸ்டில் பெங்களூரில் நடந்ததை அங்கிருந்து வந்திருப்பவர்கள் நேரிலேயே பார்த்திருப்பார்கள். வடகிழக்கு மாநிலத்தவர்கள் தாக்கப்படப் போகிறார்கள் என்று எஸ்.எம்.எஸ். வதந்தி பரவி, ஆயிரக்கணக்கானவர்கள் கிடைத்த ரயிலில் ஏறி ஊருக்கு ஓடினார்கள். குவஹாத்திக்கு விசேஷ ரயில்கள் விட வேண்டியதாயிற்று. 2023 மார்ச்சில் இதற்கு நேர் எதிர்த் திசையில் ஒன்று நடந்தது. தமிழ்நாட்டில் பீஹார் தொழிலாளிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் வடக்கே பரவின. வேறு இடங்களில், வேறு காரணங்களுக்காக நடந்த சம்பவங்களின் படங்களை இதற்கென்று ஒட்டியிருந்தார்கள். தமிழ்நாடு போலீஸ் மறுத்தது, பீஹார் அரசு அதிகாரிகள் குழு நேரில் வந்து விசாரித்தது, சரிபார்ப்பு அமைப்புகள் ஒவ்வொரு வீடியோவும் எங்கே எடுக்கப்பட்டது என்று எடுத்துக் காட்டின. அதற்குப் பிறகே அடங்கிற்று. அது அடங்காமல் இருந்திருந்தால் பாட்னாவிலும் கயாவிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களின் கதி என்ன? பிற மாநிலங்களில் சிறு எண்ணிக்கையில் வாழும் நமக்கு, ஒரு பொய்ச் செய்தி என்பது வெறும் பொழுதுபோக்கு வம்பு அல்ல.

ஆகவே சரிபார்ப்பு என்ற காரியம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதைச் செய்பவர்கள் நடுநிலையானவர்களா என்பதே கேள்வி.

இந்த அமைப்புகளின் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்னன்பெர்க் மையம் 2003ஆம் ஆண்டு 'ஃபேக்ட்செக்' என்ற அமைப்பைத் தொடங்கியது. 2007இல் ஃப்ளோரிடா மாநிலத்துப் பத்திரிகை ஒன்று 'பொலிடிஃபேக்ட்' என்பதைத் தொடங்கி, 2009இல் புலிட்சர் பரிசு வாங்கியது. இப்படிப்பட்ட அமைப்புகளுக்கு ஒரு பொதுச் சபை போல, 2015இல் பாய்ன்டர் நிறுவனத்தின்கீழ் சர்வதேச வலையமைப்பு ஒன்று ஏற்பட்டது. அது மறு ஆண்டு ஐந்து நெறிகளை வகுத்தது. எந்தக் கட்சியையும் சாராமை, ஆதாரங்களை வெளிப்படையாகக் காட்டுதல், பணம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லுதல், சோதித்த முறையை விளக்குதல், தவறினால் ஒளிக்காமல் திருத்துதல் என்பவை அவை. நம் தேசத்தில் 'பூம்', ஹைதராபாத்தின் 'ஃபேக்ட்லி', ஆமதாபாத்தில் 2017இல் தொடங்கிய 'ஆல்ட் நியூஸ்' போன்றவை வந்தன. பெரிய பத்திரிகைகளும் டி.வி. நிறுவனங்களும் தனிப் பிரிவு வைத்துக்கொண்டன. மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் 2019 முடிவில் தன் சரிபார்ப்புப் பிரிவைத் தொடங்கியது.

இனி இவர்கள்மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டுகளைப் பார்ப்போம். அவற்றை ஒதுக்கித் தள்ள முடியாது.

முதலாவது, எதைச் சரிபார்ப்பது என்று தேர்ந்தெடுப்பதிலேயே பக்ஷபாதம் இருக்கலாம். ஒரு நாளைக்கு ஆயிரம் பொய்கள் உலவுகின்றன. பத்தைத்தான் சோதிக்க முடியும். அந்தப் பத்தும் ஒரே தரப்பின் பொய்களாக இருந்தால், ஒவ்வொரு சோதனையும் சரியாக இருந்தாலும், மொத்தத்தில் கிடைக்கும் சித்திரம் கோணலாக இருக்கும். இது எப்படி என்று பம்பாய்ப் பெரியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1960களில் பால் தாக்கரேயின் 'மார்மிக்' வாரப் பத்திரிகையில், கம்பெனிகளில் உயர் பதவியில் இருந்த தென்னிந்தியர்களின் பெயர்களை டெலிபோன் டைரக்டரியிலிருந்து எடுத்து வரிசையாகப் போட்டார்கள். ஒரு பெயரும் பொய் இல்லை. இன்றைய சரிபார்ப்பாளர் ஒருவர் அந்தப் பட்டியலைச் சோதித்திருந்தால் 'உண்மை' என்றே எழுதியிருப்பார். ஆனால், "பம்பாயே மதராஸிகள் கையில் போய்விட்டது" என்று அந்தப் பட்டியல் உண்டாக்கிய எண்ணம் எவ்வளவு பெரிய அபாண்டம்! அதன் பலனை மாதுங்கா வாசிகளும் உடுப்பி ஹோட்டல்காரர்களும் அனுபவித்தார்கள். தனித்தனியே உண்மையானவற்றை அடுக்கியே ஒரு பொய்யைக் கட்டலாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி நமக்கு வேண்டாம்.

இரண்டாவது, மார்க்குப் போடுவதில் உள்ள சிக்கல். 'உண்மை', 'பொய்' என்று இரண்டோடு நிற்காமல், 'பாதி உண்மை', 'திசை திருப்புவது', 'பின்னணி இல்லாதது' என்றெல்லாம் முத்திரை வைத்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த சோலி லிம் என்பவர், இரண்டு அமெரிக்க அமைப்புகள் தந்த தீர்ப்புகளை ஒப்பிட்டு 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இரு அமைப்புகளும் சோதித்த கூற்றுகளில் பொதுவானவை மிகக் குறைவு. அப்படிப் பொதுவாக இருந்தவற்றிலும் அப்பட்டமான பொய்யிலும் தெளிவான உண்மையிலும் ஒற்றுமை இருந்தது. நடுவில் இருக்கும் 'பாதி உண்மை' ரகங்களில்தான் ஒருவர் தீர்ப்புக்கும் மற்றவர் தீர்ப்புக்கும் பொருத்தம் குறைந்தது. அதாவது, அந்த இடத்தில் வேலை செய்வது அளவுகோல் அல்ல, அளக்கிறவரின் அபிப்ராயம்.

மூன்றாவது, பணமும் மனிதர்களும். ஃபேஸ்புக் நிறுவனம் 2016 டிசம்பரிலிருந்து வெளி அமைப்புகளுக்குப் பணம் கொடுத்துச் சரிபார்க்கச் செய்தது. உலகில் பல அமைப்புகளுக்கு அதுவே பெரிய வருமானமாயிற்று. பிறகு 2025 ஜனவரி 7ஆம் தேதி அதன் தலைவர் மார்க் ஸக்கர்பெர்க், சரிபார்ப்பாளர்கள் அரசியல் சாய்வு உள்ளவர்களாகிவிட்டார்கள் என்று சொல்லி, அமெரிக்காவில் அந்த ஏற்பாட்டை முடித்துக்கொள்வதாக அறிவித்தார். ட்ரம்ப் இரண்டாம் முறை பதவி ஏற்க இரண்டு வாரம்கூட இல்லாத நேரம் அது. அவர் சொன்ன காரணம் நிஜமா, காற்று அடிக்கும் திசை பார்த்துச் சொன்னதா என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். எப்படியானாலும், சம்பளம் கொடுக்கிறவரின் மனம் மாறினால் சபையே கலையும் என்பது தெரிந்துவிட்டது.

நம் நாட்டில் 'ஆல்ட் நியூஸ்' பற்றிய விவாதம் உங்களுக்குத் தெரிந்ததே. அதன் ஸ்தாபகர்களில் ஒருவரான முகமது ஸுபேர் 2022 ஜூனில் ஒரு பழைய ட்விட்டர் பதிவுக்காகக் கைதானார். அடுத்த மாதம் 20ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஜாமீன் வழங்கியது. அவர் பக்ஷபாதி என்பது ஒரு சாராரின் கட்சி. அவரைப் பேசவிடாமல் தடுக்கிறார்கள் என்பது மறு சாராரின் கட்சி. நான் இங்கே தீர்ப்பு சொல்ல வரவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அவர் எந்தப் பக்கம் சாய்ந்தவர் என்பதும், அவர் அமைப்பு ஒரு குறிப்பிட்ட வீடியோ இந்த ஊரில் இந்தத் தேதியில் எடுத்தது என்று காட்டியது சரியா என்பதும் வேறு வேறு கேள்விகள். நாம் முதல் கேள்விக்கு விடை சொல்லிவிட்டு, இரண்டாவதற்கும் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

"தனியாரை நம்ப முடியாவிட்டால் அரசாங்கமே செய்யட்டுமே" என்று நம்மில் சிலர் சொல்வதுண்டு. அதையும் செய்து பார்த்தார்கள். 2023 ஏப்ரலில் மத்திய அரசு தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தியது. மத்திய அரசின் அலுவல் பற்றிய செய்தி எது பொய், எது திரிபு என்று அரசின் பிரிவே சொல்லும். அப்படிச் சொன்ன பிறகும் அதை வைத்திருக்கும் சமூக ஊடக நிறுவனம் சட்டப் பாதுகாப்பை இழக்கும். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 2024 ஜனவரியில் இரு நீதிபதிகள் இரு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். மார்ச் மாதம் அரசு அந்தப் பிரிவை அறிவிக்க, மறுநாளே உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. செப்டம்பரில் மூன்றாவது நீதிபதி அதுல் சந்தூர்கர், அந்த விதி அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று முடிவு சொன்னார்.

இது ஒரு கட்சியின் ஆசை மட்டும் என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் வேறு கட்சியின் அரசு, அதே 2023இல் 'தகவல் சரிபார்ப்பகம்' என்று ஒன்றை அமைத்தது. கர்நாடகத்தில் இன்னொரு கட்சியின் அரசும் அதே வருஷம் அப்படி ஒரு பிரிவு பற்றி அறிவித்தது. எந்தக் கொடியின்கீழ் இருந்தாலும் அரசுக்கு இந்த ஆசை வருகிறது. ஒரு அரசு தன்னைப் பற்றிய செய்திக்கு விளக்கம் தரலாம், தரவும் வேண்டும். ரயில் டிக்கெட் விதி மாறவில்லை என்று ரயில்வே சொன்னால் அது உபயோகமான தகவல். ஆனால், வாதியே நீதிபதியாகவும் உட்காருவதை எந்த ஊர்ப் பஞ்சாயத்திலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அப்படியானால், யாரைத்தான் நம்புவது? இதற்கு கிரிக்கெட்டில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. முன்பெல்லாம் போட்டி நடத்தும் நாட்டின் அம்பயர்களே நிற்பார்கள். ஒவ்வொரு சுற்றுப் பயணத்திலும் புகார் வரும். 1986இல் பாகிஸ்தானுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் லாகூரில் நடந்த டெஸ்டில், வி.கே. ராமசாமி, பீலூ ரிப்போர்ட்டர் என்ற நம் இந்திய அம்பயர்களை அழைத்து நிறுத்தினார்கள். 1994 முதல் டெஸ்டுகளில் ஒருவரும், 2002 முதல் இருவரும் வெளிநாட்டவர் என்று ஆயிற்று. நம் சென்னையின் வெங்கட்ராகவன் 73 டெஸ்ட்களில் அம்பயராக நின்று பெயர் வாங்கினார். ஆனால், வெளிநாட்டவர் வந்தபின் புகார் நின்றதா? நிற்கவில்லை. சாய்வு குறைந்தது, பிழை இருந்தது. கடைசியில் 2008இல் டி.ஆர்.எஸ். முறையைச் சோதித்தார்கள். பந்து எங்கே விழுந்தது, எங்கே பட்டது என்று அம்பயர் பார்ப்பதை மைதானத்தில் இருக்கும் எல்லோரும் பார்க்கலாம். இங்கே சுவாரஸ்யம் என்னவென்றால், இலங்கையில் நடந்த அந்த முதல் தொடரில் தீர்ப்புகள் நமக்குச் சாதகமாக அமையவில்லை. அதன் பிறகு 2016 வரை நம் கிரிக்கெட் வாரியம் அந்த முறையை நம்ப மறுத்துக்கொண்டிருந்தது!

இதில் இரண்டு விஷயம் தெரிகிறது. நம்பிக்கை, அம்பயர் எந்த நாட்டவர் என்பதிலிருந்து, அவர் பார்த்ததை நாமும் பார்க்க முடிகிறதா என்பதற்கு நகர்ந்தது. அடுத்தது, நமக்கு எதிராகத் தீர்ப்பு வரும்போதுதான் நமக்கு நடுநிலைமையின் ஞாபகம் வருகிறது.

நம் சாஸ்திரத்திலும் இது பேசப்பட்ட விஷயமே. நியாய தர்சனத்தில் பிரத்யட்சம், அனுமானம் முதலிய பிரமாணங்களோடு சப்தத்தையும் ஒரு பிரமாணமாக ஏற்கிறார்கள். ஆப்தன் ஒருவனின் வார்த்தை அது. யார் ஆப்தன்? விஷயத்தை நேராக அறிந்தவன், அறிந்ததை அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவன். பாஷ்யம் செய்த வாத்ஸ்யாயனர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் இந்த லக்ஷணம் சமம் என்கிறார். அதாவது, 'நம்மவன்' என்பது ஆப்தனுக்கு லக்ஷணம் அல்ல. 'அவன் வேறு ஆள்' என்பது அதற்குத் தோஷமும் அல்ல. "அது அவா நடத்தறது" என்ற ஒரு வாக்கியத்தோடு பேச்சை முடிக்கிற நாம் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நான் வங்கியில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவன். ஆகவே என் தொழில் பாஷையில் சொல்கிறேன். 2009இல் சத்யம் கம்பெனியின் கணக்கு அம்பலமானபோது, வங்கியில் இருப்பதாகக் காட்டிய 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இல்லவே இல்லை என்று தெரிந்தது. பெயர்பெற்ற ஆடிட்டரின் கையெழுத்து அந்தக் கணக்கில் இருந்தது. கையெழுத்தைப் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். வவுச்சரைப் பார், வங்கியிடமே நேராகக் கேட்டுக் கடிதம் வாங்கு என்பதே எங்களுக்குக் கற்றுக்கொடுத்த பால பாடம். சரிபார்ப்பு அமைப்பின் முத்திரையும் ஒரு கையெழுத்துத்தான். அதன்கீழ் வவுச்சர் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு உதாரணம். தீபாவளி இரவில் இந்தியா ஜொலிப்பதாக 'நாஸா எடுத்த படம்' ஒன்று வருஷா வருஷம் வரும். அது தீபாவளிப் படமே அல்ல. 1992 முதல் 2003 வரை எடுத்த பல செயற்கைக்கோள் படங்களை, விளக்குகள் எப்படிப் பெருகின என்று காட்ட வெவ்வேறு வர்ணம் கொடுத்து ஒன்றாக்கியது. 2012இல் நாஸாவே இதை விளக்கி, உண்மையான தீபாவளி இரவுப் படம் ஒன்றையும் வெளியிட்டது. இதைச் சொன்னவர் யாராக இருந்தால் என்ன? நாஸாவின் பக்கத்தை நீங்களே திறந்து பார்க்கலாம். வவுச்சர் கையில் இருக்கிறது. அதே அமைப்பு நாளைக்கு, "இந்த மந்திரி பேசியது திசை திருப்பும் பேச்சு" என்று எழுதினால், அதற்கு வவுச்சர் கிடையாது. அதை ஒரு தலையங்கம் போலப் படித்துவிட்டு, ஒப்புக்கொள்வதும் ஒப்புக்கொள்ளாததும் உங்கள் இஷ்டம்.

ஆகவே, எந்தச் சரிபார்ப்பைப் படித்தாலும் நான் நான்கு கேள்வி கேட்பது வழக்கம். அது சோதிப்பது படம், தேதி, தொகை போன்ற ஒரு விவரத்தையா, அல்லது ஓர் அபிப்ராயத்தையா? மூல ஆதாரத்தைக் காட்டியிருக்கிறார்களா, அதை நானே திறந்து பார்க்க முடியுமா? இந்த அமைப்பு தன் தவறுகளைத் திருத்தி வெளியிட்ட பக்கம் இருக்கிறதா? ஒரு மாதத்தில் சோதித்தவற்றை வரிசையாகப் பார்த்தால் எல்லாத் தரப்பும் வருகிறதா? முதல் மூன்றுக்கும் நல்ல பதில் இருந்து நான்காவதற்கு இல்லாவிட்டால், அந்த அமைப்பு சாய்வு உள்ளது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால், அது காட்டிய அந்த ஒரு ஆதாரம் அதனால் பொய்யாகிவிடாது. சாய்வுள்ள இரண்டு அமைப்புகளை, எதிரும் புதிருமாக, சேர்த்தே படிப்பது இன்னும் நல்லது. ஒருவர் விட்டதை மற்றவர் பிடிப்பார்.

ஐந்தாவது கேள்வி ஒன்று உண்டு. அது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது. இந்தச் செய்தி என் மனதுக்குப் பிடித்ததாக இருந்திருந்தால், இவ்வளவு ஆதாரம் கேட்டிருப்பேனா?

இப்போது தலைப்பில் உள்ள கேள்விக்கு என் பதில். நடுநிலை என்பது ஒரு அமைப்பின் பிறப்புக் குணமாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மனிதர்கள் நடத்துவது எதிலும் சாய்வு இருக்கும். அப்பா சந்தேகப்படுவது சரி. ஆனால், சந்தேகப்பட்டபின் ஆதாரத்தைத் திறந்து பார்க்காமல் விடுவது சரியில்லை. பிள்ளை சரிபார்ப்பது சரி. ஆனால், முத்திரையை மட்டும் காட்டி அப்பாவை வாயடைப்பது சரியில்லை. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து வவுச்சரைப் பார்த்தால் சண்டைக்கு இடமே இல்லை.

கடைசியாக, நிர்வாகஸ்தர்கள் முன் ஒரு யோசனை வைக்கிறேன். எந்தச் சரிபார்ப்பு நிறுவனத்திடமும் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. கல்கத்தா, நாக்பூர், ஜம்ஷெட்பூர், டில்லி, பாலக்காடு என்று ஊருக்கு ஊர் நம் மனிதர்கள் இருக்கிறார்கள். ஒரு ஊரைப் பற்றியோ ஒரு ஜனங்களைப் பற்றியோ கலவரமூட்டும் செய்தி வந்தால், மற்றவர்களுக்கு அனுப்பும் முன் அந்த ஊர்க் கிளையில் ஒருவரைப் போனில் கூப்பிட்டு, "அங்கே என்ன ஸ்வாமி நடக்கிறது?" என்று கேட்போம். பதில் வரும்வரை அந்தச் செய்தி நம் கையிலேயே இருக்கட்டும். இதை ஒரு தீர்மானமாகவே எல்லாக் கிளைகளும் ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இதற்குச் செலவு ஒரு போன் கால்.